மாலி: குழலைத் தானே தேடிக்கொண்ட பிள்ளை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டனர். வளையும் பருவத்திலேயே வளைத்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். அழுது அடம்பிடிக்கும் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பாட்டு வகுப்புக்கு இழுத்துச் செல்லும் பெற்றோர் பலரும் இப்பழமொழியைத்தான் துணைக்கு அழைக்கின்றனர். ஆனால் மூங்கிலை வளைத்தால் வில்லாகும், துளையிட்டால் குழலாகும், பிளந்தால் கூடையாகும். எந்த மூங்கில் எதற்கு ஆகும் என்று பார்த்துக் கத்தியை எடுப்பவனே தொழில் தெரிந்தவன்.

விருப்பமில்லாத பிள்ளையை இசைப் பயிற்சியில் தொடர்ந்து வைத்திருக்கலாமா, அல்லது நிறுத்திவிடலாமா? இக்கேள்வி பட்டணத்துப் பாட்டு வகுப்புகளில் மட்டும் எழுவதன்று. சேலம், நாமக்கல் வட்டாரச் சிற்றூர்களில் நாயனத்தையும் தவிலையும் நம்பிப் பிழைக்கும் வீடுகளிலும் எழுகின்றது. இதற்கு விடை தேடுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அதுதான் புல்லாங்குழல் மேதை மாலியின் வாழ்க்கை. பிள்ளைப் பருவத்தில் பெரியோர் கொடுத்த பாடத்தைக் கற்றுக்கொண்டே, தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொண்டவர் அவர். வளர்ந்த பின், தேடிக் கண்ட அந்த இசையின் மேடையையே பலமுறை வெறுத்து விலகியவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம் கிடைக்கும்.

பிறப்பும் பெயரும்

அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரில், 1926ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பெயர் ராமசாமி ஐயர். அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு மகாலிங்கசுவாமி என்று பெயர். அப்பெயரே பிள்ளைக்கும் வாய்த்தது. டி. ஆர். மகாலிங்கம் என்பது முழுப்பெயர். மாலி என்பது இசையுலகம் செல்லமாகச் சுருக்கிக்கொண்ட பெயர்.

இங்கே வாசகர் குழம்பிவிடக் கூடாது. 1945ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் நடித்துப் பாடிப் புகழ் பெற்ற டி. ஆர். மகாலிங்கம் வேறு. ஆனந்த விகடனில் கேலிச் சித்திரங்கள் வரைந்த மாலியும் வேறு. நாம் பேசப்போகும் மாலி, குழல் ஒன்றைத் தவிர வேறெந்தப் பட்டமும் இன்றிப் பெயர் பெற்றவர்.

காவிரிச் சமவெளியின் அந்தப் பகுதி, இசை மண்ணில் ஊறிக் கிடந்த பகுதி. அங்கே ஒரு பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, நம் பக்கத்தில் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பதைப் போன்றது. விருப்பம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை, கிணற்றில் இறக்கிவிடுவார்கள்.

மாமாவின் வகுப்பு

மாலியின் மாமா ஜால்ரா கோபால ஐயர் என்பவர் இசை கற்பித்து வந்தார். ஜால்ரா என்ற சொல் இன்று வேறு பொருள்பட வழங்குகிறது. அன்று அது தாளக்கருவியின் பெயர். அதில் வல்லவர் என்பதற்கு அடையாளமாக ஒருவர் பெயருக்கு முன்னால் நின்ற பட்டம். அந்த மாமாவிடம், பள்ளிக்கூட எழுத்துகளைக் கற்கும் வயதிலேயே, மாலி வாய்ப்பாட்டு வகுப்பில் அமர்த்தப்பட்டார்.

வாய்ப்பாட்டு வகுப்பு எப்படி நடக்கும் என்பதை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். முதலில் சரளி வரிசை. ஏழு சுரங்களையும் ஏறியும் இறங்கியும் மூன்று காலங்களில் பாட வேண்டும். அடுத்து ஜண்டை வரிசை. அதில் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக வரும். அதன்பின் தாளங்களுக்கு ஏற்ற அலங்காரங்கள், பிறகு கீதம், பிறகு வர்ணம். ஒரு பாட்டு என்று சொல்லத்தக்கதைப் பாடுவதற்குள் மாதங்கள் உருண்டோடிவிடும். பெரியவர்களுக்கே சலிப்புத் தட்டும் பயிற்சி இது. ஐந்து வயதுப் பிள்ளை நெளியாமல் என்ன செய்யும்?

மாலியின் மனமோ குழலில் கிடந்தது. குழல் ஊதுவது சிறு பிள்ளையின் உடம்புக்கு ஆகாது என்று வீட்டார் அஞ்சினர் என்பார்கள். எனவே அவருக்கென விதிக்கப்பட்டது வாய்ப்பாட்டுத்தான். பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை; வகுப்பை விட்டு ஓடவும் இல்லை. வகுப்பில் வாயால் கற்றதை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, குழலில் ஊதிப் பார்த்துக்கொண்டார். எந்தத் துளையை மூடினால் எந்தச் சுரம் வரும், எவ்வளவு திறந்தால் மாமா பாடியது போல அசையும் என்பதை அவர் விரல்கள் தாமே தேடிக் கண்டுபிடித்தன. குழலுக்கு அவருக்குக் குரு இல்லை. பாட்டுக்கு இருந்த குருவே மறைமுகமாகக் குழலுக்கும் குருவானார்.

பிள்ளையின் குழலிசை வீட்டாரின் காதில் விழுந்தபோது அவர்கள் செய்த செயல்தான் போற்றத்தக்கது. குழலைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். நாங்கள் சொன்னது ஒன்று, நீ செய்வது ஒன்றா என்று முதுகில் வைத்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் நமக்கு ஒரு சுமாரான வாய்ப்பாட்டுக்காரர் கிடைத்திருப்பார், மாலி கிடைத்திருக்கமாட்டார். பிள்ளையின் விருப்பத்துக்கு மூத்தவர்கள் வழிவிட்டனர். கலை வரலாற்றில் பெரியவர்கள் தம் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்த நாள்களுக்கு விழா எடுப்பதில்லை. எடுக்க வேண்டும்.

ஏழு வயதில் மேடை

1933ஆம் ஆண்டு. சென்னை மயிலாப்பூரில் தியாகராசர் உற்சவம். அதில் ஏழு வயதே ஆன மாலி மேடையேறிக் குழல் வாசித்தார். அவையில் இருந்தவர்கள் இலேசுப்பட்டவர்கள் அல்லர். நாமக்கல்லிலிருந்து தொட்டியம் வழியே சென்றால் வரும் முசிறியின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய முசிறி சுப்பிரமணிய ஐயர் அங்கிருந்தார். வயலின் மேதை பரூர் சுந்தரம் ஐயரும் இருந்தார். அவ்விருவரும் சிறுவனுக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டினர். குழந்தை மேதை என்ற பெயர் தமிழகமெங்கும் பரவியது. ஊர் ஊராகக் கச்சேரிகள் வந்தன.

ஏழு வயதில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் மாலியின் அருமை விளங்கும். அதே எண்ணத்தில் இன்னொன்றும் விளங்கும். நாம் ஏழு வயதில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்தப் பம்பரம் கிடைத்ததா?

குழலைப் பாட வைத்தவர்

மாலி செய்த புதுமை என்ன என்பதை உணரக் குழலின் இயற்பியலைச் சற்றே காண்போம்.

நம் கருநாடக இசைக் குழலில் ஊதுவதற்கு ஒரு துளையும், விரல்களுக்கு எட்டுத் துளைகளும் உண்டு. ஊதும் காற்று துளையின் விளிம்பில் மோதி, உள்ளே இருக்கும் காற்றுத் தம்பத்தை அதிரச் செய்கிறது. எல்லாத் துளைகளையும் மூடினால் காற்றுத் தம்பம் நீளமாகும், ஒலி தாழும். துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தால் தம்பத்தின் நீளம் குறையும். அதிர்வெண் கூடி ஒலி உயரும். குழலின் ஒரு முனை அடைபட்டிருந்தாலும், ஊதும் துளை திறந்திருப்பதால் அது இருபுறமும் திறந்த குழாயைப் போலவே இயங்குகிறது. ஆகவே உதட்டை இறுக்கிச் சற்று வேகமாக ஊதினால் அதிர்வெண் இரட்டிப்பாகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். இவ்வளவும் நம் ஒலியியல் பாடத்தில் உள்ளதுதான்.

ஆனால் துளைகளை மூடித் திறப்பதால் மட்டும் கிடைப்பது தனித்தனிச் சுரங்களே. படிக்கட்டில் ஏறுவது போல, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். ஆர்மோனியத்தின் நிலையும் அதுதான். நம் இசையின் உயிரோ கமகத்தில் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லுதல், சுரத்தை அசைத்தல், இழைத்தல் ஆகியவை இல்லாவிட்டால் ராகம் எலும்புக்கூடாகிவிடும். மனிதக் குரலுக்கு இவை இயல்பாக வருகின்றன. குழலில் இவற்றைக் கொண்டுவர, துளையைப் பாதியும் காலும் அரைக்காலுமாக மூடி நழுவ விட வேண்டும். உதட்டின் கோணத்தை மாற்ற வேண்டும். மூச்சின் அழுத்தத்தை நூலிழை அளவில் ஆள வேண்டும். மூன்றும் ஒரே நொடியில் நடக்க வேண்டும்.

மாலிக்கு முன்பு குழலிசையைக் கச்சேரி மேடையில் உயர்த்தி வைத்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள். கண் பார்வையற்ற அப்பெரியவர் 1872 முதல் 1904 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார். அவருடைய மாணவர் நம் கொங்கு நாட்டுப் பல்லடத்தின் பெயரைத் தாங்கிய சஞ்சீவ ராவ். 1882 முதல் 1962 வரை வாழ்ந்து, 1943ஆம் ஆண்டு சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர். இவ்விருவர் வழியில் தமிழகமெங்கும் குழல் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சிறுவன் மாலி வந்தார். விரல் வைக்கும் முறையையும் உதடு பொருத்தும் முறையையும் மாற்றினார். தடித்த மூங்கில் குழலை எடுத்துக்கொண்டார். குழல் அதுவரை சுரங்களை அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாலியின் கையில் அது பாடத் தொடங்கியது.

இந்த ஆற்றல் அவருக்கு எங்கிருந்து வந்தது? குழலில் குரலைத் தேட வேண்டுமானால் குரலிசை முதலில் நெஞ்சில் இருக்க வேண்டும். விதிக்கப்பட்ட அந்த வாய்ப்பாட்டு வகுப்பே அதை அவர் நெஞ்சில் ஊன்றியது. பிறவி ஞானம் ஒரு பங்கு. தேடல் ஒரு பங்கு. சலிப்பூட்டும் சரளி வரிசை ஒரு பங்கு. கட்டாயத்தின் பேரில் கற்ற பாடம் வீண்போகவில்லை. வேறொரு வடிவில் வந்து உதவியது.

இதற்கு மாலி மட்டும் சான்றல்லர். நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் இளமையில் வாய்ப்பாட்டில் பயிற்சி பெற்ற பின்னரே நாகசுரத்துக்கு வந்தவர். அவர் வாசிப்பில் ராகம் ஆறாகப் பெருகியதற்கு அந்த அடிப்படையும் ஒரு காரணம். பெரியவர்களின் கணிப்பு மறுபக்கமும் தவறக்கூடும். செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் இளமையில் கரகரப்பாக இருந்ததால், பாட்டை விட்டு வயலின் கற்றுக்கொள்ளும்படி அவருக்கு யோசனை கூறப்பட்டது. அவர் பாட்டை விடவில்லை. 1947ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி ஆனார். ஒருவருக்குக் கருவி மாறியது நன்மை. மற்றவருக்கு மாறாதது நன்மை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து இல்லை.

மேடையை வெறுத்த மேதை

இதுவரை சொன்னது எல்லாக் கல்லூரி மலர்களிலும் எழுதத்தக்க வெற்றிக் கதை. மாலியின் கதை இத்துடன் முடியவில்லை என்பதால்தான் அது நமக்குப் பாடமாகிறது.

வாலிப வயதிலேயே புகழின் உச்சிக்குச் சென்ற மாலி, கச்சேரி அமைப்பாளர்களுக்குப் பெரிய சோதனையாக விளங்கினார். அரங்கு நிறைந்திருக்கும், குழல்காரர் வரமாட்டார். சில நாள் மணிக்கணக்கில் தாமதித்து வருவார். சில நாள் மேடையில் அமர்ந்து, சிறிது வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவார். சில நாள் மௌனமாக அமர்ந்திருப்பார். மதுப் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது. ஆனால் மனம் பொருந்திய நாளில் அவர் வாசித்த வாசிப்பு, கேட்டவர்கள் வாழ்நாள் முழுதும் சொல்லிச் சொல்லி மாளாத வாசிப்பு. அந்த ஒரு நாள் இன்றாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில்தான், ஏமாந்த கூட்டமே மீண்டும் மீண்டும் வந்தது. இடையே சில ஆண்டுகள் கச்சேரி உலகை விட்டே ஒதுங்கினார். குழலை வைத்துவிட்டு வயலின் வாசித்ததும் உண்டு. பிற்காலத்தில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பினார். 1986ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன்பே மறைந்தார். சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் மாணவரும், 1934ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தவருமான என். ரமணி 1996ஆம் ஆண்டு அப்பட்டத்தைப் பெற்றார். குருவின் வழியை ஒழுங்குடன் உலகெங்கும் கொண்டுசென்ற ரமணி 2015ஆம் ஆண்டு மறைந்தார்.

மாலி ஏன் அப்படி இருந்தார்? மேதைகள் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஒரு மனிதரின் மனத்தை வெளியிலிருந்து அளந்துவிட முடியாது என்பதையும் நான் அறிவேன். ஆயினும் அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து படிக்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஐந்து வயதில் அவர் குழலைத் தேடிச் சென்றது விளையாட்டு. அதற்கு நேரம் குறித்தவர் இல்லை, கைதட்டியவர் இல்லை, சம்பளம் தந்தவரும் இல்லை. ஏழு வயதில் அவ்விளையாட்டுக்குத் தேதி குறிக்கப்பட்டது. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை மற்ற பிள்ளைகளுக்கு உண்டு. மேடைப் பிள்ளைக்கு அது கிடையாது, சீட்டு விற்றாகிவிட்டது. பிள்ளைப் பருவத்தில் சொல்ல முடியாத அந்த வேண்டாம் என்ற சொல்லை, நாற்பது வயதில் நிறைந்த அரங்கின் முன்னால் அவர் சொன்னாரோ என்று நான் எண்ணுகிறேன்.

கடல் கடந்த சான்று

நம் நாட்டில் மட்டும் இது நிகழவில்லை. ஜெர்மனியின் பான் நகரில் 1770ஆம் ஆண்டு பிறந்தவர் பீத்தோவன். தந்தை ஜோஹான் அரசவைப் பாடகர். மகனை இன்னொரு மொசார்ட் ஆக்கிக் காட்ட வேண்டும் என்ற வெறியில், இரவில் உறங்கும் பிள்ளையை எழுப்பி அழ அழப் பியானோ முன் உட்கார வைத்தார். 1778ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் கொலோன் நகரில் பிள்ளையை மேடையேற்றினார். அப்போது பீத்தோவனுக்கும் வயது ஏழு. ஆனால் அறிவிப்பில் ஆறு என்று குறைத்துப் போட்டார் தந்தை. பிள்ளையின் வயதில் ஓராண்டைத் திருடினால் மேதைமை ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும் அல்லவா?

பீத்தோவன் மாமேதை ஆகிவிட்டாரே, அடித்து வளர்த்தது பலித்துவிட்டதே என்று சிலர் வாதிடுவர். அதே போல் அடி வாங்கிய ஆயிரம் பிள்ளைகள் இசையையே வெறுத்துக் காணாமற் போயிருப்பர். அவர்களின் வரலாற்றை யாரும் எழுதவில்லை. கரை சேர்ந்த ஒருவனைக் காட்டி ஆற்றின் ஆழத்தைக் கணக்கிடக் கூடாது.

நாயனக்காரர் வீட்டில்

இந்த வாழ்க்கையை நான் பொழுதுபோக்காகப் படிக்கவில்லை. எங்கள் வீடு நாயனக்காரர் வீடு. தாத்தாவும் அப்பாவும் காவிரிக் கரையோர ஊர்களில் மாரியம்மன் நோம்பிக்கும், தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கும் வாசித்துக் குடும்பத்தைக் காத்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நான் படிக்க வந்துவிட்டதால் நாயனம் தம்பியின் தலையில் விழுந்தது.

தம்பி எட்டாம் வகுப்புப் படிக்கிறான். விடியற்காலைச் சாதகத்துக்கு எழுப்பினால் வயிற்றுவலி என்பான். சீவாளி உடைந்துவிட்டது என்பான். ஆனால் அவன் விரல்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. சோற்றுத் தட்டு, பேருந்தின் சன்னல் கம்பி, பள்ளி மேசை எல்லாவற்றிலும் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் மனம் தவிலில் இருப்பது தெருவுக்கே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் அவர் ஒப்பவில்லை. மூன்று தலைமுறை ஊதிய நாயனம் பெட்டியில் கிடந்து பூச்சி அரித்துப் போகுமே என்பது அவர் கவலை. கல்யாண வீடுகளில் செண்டை மேளமும் ஒலிபெருக்கிப் பாட்டும் வந்து நிற்கிற காலத்தில் அந்தக் கவலையைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஊதி ஈட்டிய பணத்தில்தான் நான் பேருந்துச் சீட்டு எடுத்துக் கல்லூரிக்கு வருகிறேன்.

படித்தவன் நீ சொல் என்று அப்பா ஒருநாள் என்னைக் கேட்டார். கோடை விடுமுறையில் ஓரிரவு, வாசல் கட்டிலில் அமர்ந்து, மாலியின் கதையை அவருக்குச் சொன்னேன். வாய்ப்பாட்டு வகுப்பையும் சொன்னேன், குழலையும் சொன்னேன், மேடையை விட்டு எழுந்து போனதையும் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே நெடுநேரம் அமர்ந்திருந்தார். அதன்பின் வந்த நோம்பியில், தவில்காரருக்குப் பக்கத்தில் தாளம் போடத் தம்பியை உட்கார வைத்தார். காலைச் சாதகம் நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது தம்பி நாயனத்தை ஊதுவதில்லை. சுரவரிசையை வாயால் பாடுகிறான், தாளம் தட்டிக்கொண்டு. நாயனமா தவிலா என்பது இன்னும் முடிவாகவில்லை. வயிற்றுவலி மட்டும் நின்றுவிட்டது.

மாலி தரும் பாடங்கள்

மாலியின் வாழ்விலிருந்து பெற்றோரும் ஆசிரியரும் கொள்ளத்தக்கவை மூன்று என்பது என் கருத்து.

முதலாவது, பிள்ளை நெளிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அடிப்படைப் பாடத்தை உடனே நிறுத்திவிட வேண்டாம். தொடக்கப் பாடம் யாருக்கும் இனிக்காது. சுரமும் தாளமும் காதில் படியும் வரையிலாவது, அடியின்றி, அச்சமின்றி, நாளுக்குச் சிறிது நேரம் தொடரட்டும். அது பிற்காலத்தில் எந்தக் கருவிக்கும் உதவும்; கேட்டு மகிழும் காதுக்காவது உதவும்.

இரண்டாவது, வெறுப்பு இசையின் மீதா, கருவியின் மீதா, கற்பிக்கும் முறையின் மீதா என்று பிரித்துப் பாருங்கள். ஆசிரியர் மாறுவது கூடத் தவறன்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போன்ற மாமேதையே புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், நம் ஊர்ப் பெயர் கொண்ட நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பயின்று, அதன் பிறகே பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் சென்றார். ஏவாமல் பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மாலி ஏவாமல் ஊதினார். உங்கள் பிள்ளை ஏவாமல் தட்டுகிறதா, வரைகிறதா, கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கிறதா? விடை அங்கே இருக்கிறது. அது இசையே அல்ல என்று தெரிந்தால், மனம் நோகாமல் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, விருப்பத்தோடு கற்கும் பிள்ளையிடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். திறமையைக் கண்டதும் மேடை, போட்டி, பரிசு என்று ஓட்டாதீர்கள். இன்றைக்குத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஏழு வயதுப் பிள்ளையை ஒரே நாளில் நாடறியச் செய்துவிடுகின்றன. இன்று வேண்டாம் என்று பிள்ளை சொல்லும் நாளில் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்கப்படாத அச்சொல் அழிந்துபோவதில்லை. என்றோ ஒருநாள் வெளியே வரும்.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாளை நாம் ஆசிரியராகலாம்; அலுவலராகலாம்; பெற்றோரும் ஆவோம். நமக்குக் கிட்டாத பாட்டும் வீணையும் நம் பிள்ளைக்குக் கிட்ட வேண்டும் என்ற ஆசை நமக்கு எழும். அந்த ஆசை நல்லதே. ஆனால் நம் பசிக்குப் பிள்ளையை உண்ணச் சொல்லக் கூடாது. கற்றுக்கொடுப்போம், பொறுமையோடு சிறிது காலம் தொடரச் செய்வோம், பிறகு அதன் கை எதை நாடுகிறது என்று பார்த்து வழிவிடுவோம்.

மாலியின் பழைய ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு மாலைப் பொழுதில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் கொடுத்த பாடமும், பிள்ளை தானே தேடிக்கொண்ட குழலும் ஒன்றாகக் கலந்து அதில் ஒலிப்பதைக் கேட்கலாம்.